முப்பது மில்லிக் குப்பி: பாறு கழுகுகளின் கதையில் யார், எப்போது, எதை முடிவு செய்தார்கள்?

மாட்டுக்கு முன்னங்கால் வீங்கியிருக்கிறது. காய்ச்சல் அடிக்கிறது, தீவனத்தைத் தொடவில்லை. வைத்தியர் வந்து பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து ஊசி போடுகிறார். பொழுது சாய்வதற்குள் மாடு எழுந்து நின்று தண்ணீர் குடிக்கிறது. 1990களில் டைக்லோஃபெனாக் என்ற வலி நிவாரணி இந்தியக் கிராமங்களுக்குள் இப்படித்தான் நுழைந்தது. பத்தாண்டின் நடுவில் பல நிறுவனங்கள் அதைத் தயாரிக்கத் தொடங்கியதும் விலை இறங்கியது, ஊருக்கு ஊர் கிடைத்தது. கறவை மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது பெரிய உதவி.

அந்த ஊசியைப் போட்டவரையோ போடச் சொன்னவரையோ விற்றவரையோ நான் குறை சொல்ல மாட்டேன். அவரவர் இடத்தில் நின்று பார்த்தால் அந்த முடிவு சரிதான். ஆனால் சரியான அந்த முடிவுகளெல்லாம் சேர்ந்து, மனிதர் அறிந்த பறவை அழிவுகளிலேயே மிக வேகமான ஒன்றை உண்டாக்கின. 1980களில் இந்தியாவில் சுமார் 4 கோடி பாறு கழுகுகள் இருந்தன என்பது மதிப்பீடு. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 சதவீதம் மறைந்தன. கருங்கழுத்துப் பாறும் அதன் நெருங்கிய உறவான மெல்லிய அலகுப் பாறும் சேர்ந்து ஏறத்தாழ 97 சதவீதம் குறைந்தன.

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளித்துச் சொல்லும் பறவைதான் இது. சங்கப் பாடல்களில் பாறு, எருவை என்ற பெயர்களில் வரும். மருந்துத் தொழில், கால்நடை வளர்ப்பவரின் பணக்கணக்கு, வனவுயிர் பாதுகாப்பு ஆகிய மூன்றும் முட்டிக்கொண்ட இடம் இது. முடிவெடுப்பதில் எங்கே சரியாக நடந்தோம், எங்கே ஆண்டுக்கணக்கில் தாமதித்தோம் என்று பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

தெரிந்த இடத்திலேயே தேடியது

முதலில் கவனித்தவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ். ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1987-88இல் வெண்முதுகுப் பாறுகளின் கூடுகள் 353 இருந்தன. 1996-97இல் அவர் மறுபடி எண்ணியபோது அதில் பாதிகூட இல்லை. பறவைகள் நாள்கணக்கில் கழுத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தன, பிறகு மரத்திலிருந்து விழுந்து செத்தன. சில ஆண்டுகளில் அங்கே கூடு கட்ட ஒரு பாறும் மிஞ்சவில்லை.

இவ்வளவு வேகமாக, இவ்வளவு பரந்த நிலத்தில் சாவு என்றால் தொற்றுநோயாகத்தான் இருக்கும் என்று பெரும்பாலானோர் நினைத்தார்கள். அது நியாயமான ஊகம். ஆனால் ஒரு ஆய்வகம் தன்னிடம் எந்தச் சோதனை இருக்கிறதோ அதைத்தான் செய்யும். வைரஸ், பாக்டீரியா, கன உலோகம், பூச்சிக்கொல்லி என்று தேடித் தேடி ஆண்டுகள் ஓடின. உடலை அறுத்துப் பார்த்தால் ஈரல், இதயம், குடல் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசினாற்போல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. ஆனால் எதனால் செயலிழந்தது?

பாகிஸ்தானில் இறந்த பாறுகளை ஆராய்ந்துகொண்டிருந்த அமெரிக்கக் கால்நடை நோயியலாளர் லிண்ட்சே ஓக்ஸ் குழு கேள்வியைத் திருப்பிப் போட்டது. இந்தப் பறவை எதைத் தின்கிறது? செத்த மாட்டை. அப்படியானால் மாட்டின் உடம்புக்குள் புதிதாக என்ன போகிறது? குழுவினர் கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் போய் விசாரித்தார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, வாய்வழியாக உடலில் சேரக்கூடியது, அந்தப் பகுதியில் பரவலாக விற்பது என்று சலித்தபோது மிஞ்சியது ஒரே பெயர். சிறுநீரகம் செயலிழந்து இறந்த 25 பாறுகளைச் சோதித்தார்கள், இருபத்தைந்திலும் டைக்லோஃபெனாக் இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13இல் ஒன்றில்கூட இல்லை. 2003இல் முடிவை அறிவித்தார்கள், 2004 தொடக்கத்தில் அது நேச்சர் இதழில் வந்தது.

நுண்ணோக்கியை விட்டு எழுந்து மருந்துக் கடைக்குப் போனதுதான் திருப்பம். எந்தத் துறையில் இருப்பவருக்கும் இது பயன்படும் என்று நினைக்கிறேன். உற்பத்தி வரிசையில் இயந்திரம் மறுபடி மறுபடி பழுதானால் இயந்திரத்தையே கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்போம். மூலப்பொருள் வாங்கும் இடம் மாறியதா என்று கேட்க நாளாகும்.

760இல் ஒன்று

காரணம் தெரிந்தாயிற்று. அரசின் முன் பல வழிகள் இருந்தன. மருத்துவர்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்தலாம், வரி போட்டு விலையை ஏற்றலாம், பாறுகள் வாழும் மாவட்டங்களில் மட்டும் நிறுத்தலாம், முழுதாகத் தடை செய்யலாம். நிர்வாகம் வழக்கமாக மென்மையான வழியில்தான் தொடங்கும். பால் மாடு வைத்திருப்பவரின் செலவு கூடும் என்ற கவலையும் உண்மையானது.

மென்மையான வழிகளை அடைத்தது ஒரு கணக்கு. ரிஸ் கிரீன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2004இல் பறவைகளின் இறப்பு வேகத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். செத்த மாடுகளில் எத்தனையில் உயிர்கொல்லும் அளவு மருந்து இருந்தால் இந்தச் சரிவு நடக்கும்? 760இல் ஒன்று முதல் 130இல் ஒன்று வரை இருந்தால் போதும் என்று விடை வந்தது. ஒரு மாட்டை ஐம்பது அறுபது பாறுகள் சேர்ந்து தின்னும். ஒரு இணைக்கு ஆண்டுக்கு ஒரே முட்டை. குஞ்சு வளர்ந்து தானும் முட்டை இட ஐந்து ஆண்டு ஆகும். இழப்பை ஈடுகட்டும் வேகமே அந்த இனத்துக்கு இல்லை.

அப்போது நாட்டின் நிலை என்ன? 2004-05இல் பல மாநிலங்களில் செத்த மாடுகளிலிருந்து எடுத்த 1,848 மாதிரிகளில் 10.1 சதவீதத்தில் மருந்தின் எச்சம் இருந்தது. எல்லாமே உயிர்கொல்லும் அளவல்ல, ஆனாலும் தாங்கக்கூடிய அளவைவிட எவ்வளவோ மேலே. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 'பாதியாகக் குறைப்போம்' என்ற திட்டத்துக்குப் பொருளே இல்லை. பாதியானாலும் பறவை சாகும், சற்று மெதுவாக. கிட்டத்தட்டப் பூச்சியமாக்கினால்தான் பலன். 'எவ்வளவு முன்னேற்றம்' என்று கேட்காமல் 'எந்த அளவுக்குக் கீழே போனால் தப்பிக்கும்' என்று கேட்ட அந்த ஆய்வுதான் தடை என்ற முடிவுக்கு உண்மையான முதுகெலும்பு என்பது என் கருத்து.

மாற்று இல்லாத தடை நிற்காது

வலியில் துடிக்கும் மாட்டைக் காட்டி 'வேறு என்ன போடுவது?' என்று கேட்டால் பதில் வேண்டும். பதில் இல்லாமல் தடை போட்டால் மருந்து மறைவாக விற்கும், அவ்வளவுதான்.

மாற்றைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு சங்கடம். பாறுக்குக் கேடில்லை என்று நிரூபிக்கப் பாறுக்கே கொடுத்துப் பார்க்க வேண்டும். மிச்சமிருப்பதோ சொற்பம். அதனால் முதலில் உலகெங்கும் உயிர்க்காட்சி சாலைகளிலும் பறவை மருத்துவமனைகளிலும் எந்த வலி நிவாரணி பாறு இனங்களுக்குக் கெடுதல் இல்லாமல் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பதிவுகளைத் திரட்டினார்கள். மெலாக்சிகம் மேலே வந்தது. பிறகு அதே பேரினத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கப் பாறுகளுக்குத் தென்னாப்பிரிக்காவில் படிப்படியாக அளவைக் கூட்டிக் கொடுத்தார்கள். அங்கே பாதகமில்லை என்று உறுதியான பிறகே இந்தியாவின் பாறுகளுக்குக் கொடுத்தார்கள். குறைந்த இழப்பில் அதிகம் தெரிந்துகொள்ளும்படி வரிசைப்படுத்திய சோதனை இது. நான் இந்தக் கதையில் மிகவும் மதிக்கும் பகுதியும் இதுதான்.

முடிவு 2006 ஜனவரியில் வெளியானது. அதற்கு முன்பே, 2005 மார்ச்சில், தேசிய வனவுயிர் வாரியம் கால்நடைகளுக்கு டைக்லோஃபெனாக் தருவதை ஆறு மாதத்தில் நிறுத்தப் பரிந்துரைத்திருந்தது. மாற்று கையில் வந்ததும் 2006 மே மாதம் உற்பத்தி உரிமங்களைத் திரும்பப் பெற ஆணை வந்தது. அதே ஆண்டு நேபாளமும் பாகிஸ்தானும் தடை செய்தன. காரணம் தெரிந்து மூன்றே ஆண்டில் மூன்று நாடுகள் ஒரு விற்பனை மருந்தை நிறுத்தியது சாதாரணமல்ல. அதைக் குறைத்துப் பேசக் கூடாது.

தடை ஒரு பெட்டிக்குள், மருந்து அடுத்த பெட்டிக்குள்

அப்புறம்தான் நமக்குப் பாடமான பகுதி வருகிறது.

தடை செய்யப்பட்டது கால்நடை டைக்லோஃபெனாக். மனிதருக்கான டைக்லோஃபெனாக் கடையில் இருந்தது, இருக்கவும் வேண்டும், நமக்கும் மூட்டு வலிக்குமே. அந்த ஊசி மருந்து 30 மி.லி. குப்பிகளில் வந்தது. மனிதருக்கு ஒரு வேளைக்குத் தேவை 3 மி.லி. மாட்டின் எடைக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். அந்தப் பெரிய குப்பி மாட்டுக்கென்றே அளந்ததுபோல் அமைந்திருந்தது. 2008இல் விதிகளைக் கடுமையாக்கி, மனிதருக்கான மருந்தின் மேல் 'கால்நடைக்கு அல்ல' என்று அச்சிடச் சொன்னார்கள். எழுத்து குப்பியின் மேல்தான் இருந்தது, மருந்து மாட்டுக்குள் போனது. 2007 முதல் 2010 வரை 11 மாநிலங்களில் 250க்கும் மேற்பட்ட கடைகளில், மாடு வைத்திருப்பவர்போலப் போய்க் கேட்டுப் பார்த்த ஆய்வில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் டைக்லோஃபெனாக் கிடைத்தது.

தடை பலனே தரவில்லை என்று சொல்ல மாட்டேன். செத்த மாடுகளில் எச்சம் காணப்பட்ட விகிதம் 10.1இலிருந்து சுமார் 6.5 சதவீதமாக இறங்கியது, மெலாக்சிகம் பயன்பாடு கூடியது. சரி, நல்லது. ஆனால் 760இல் ஒன்று என்ற கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் இன்னும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

கடைசியில் 2015 ஜூலையில் குப்பியின் அளவைத் தொட்டார்கள். மனிதருக்கான டைக்லோஃபெனாக் ஊசி இனி ஒரு வேளைக்கான 3 மி.லி. அளவில் மட்டுமே வர வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தது. நோயாளிக்கு ஒரு குறையும் இல்லை. மாட்டுக்குப் போட நினைப்பவர் மட்டும் சின்னச் சின்னக் குப்பியாக ஐந்தாறு உடைக்க வேண்டும், செலவும் கூடும், கைவேலையும் கூடும். ஆயிரக்கணக்கான கடைகளில் ஆய்வாளர்கள் காவல் நின்றாலும் முடியாததை உற்பத்திக்கூடத்தில் குப்பியின் அளவை மாற்றிச் செய்யலாம் என்பதை இது காட்டியது. மருந்து நிறுவனங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. பாறுகளின் வரலாற்றில் நம் ஊர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு இடம் இருப்பது பலருக்குத் தெரியாது.

2006க்கும் 2015க்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள். ஆணை எழுதும் நாளிலேயே 'நாளைக் காலை வைத்தியரின் கை எந்தக் குப்பியை எடுக்கும்?' என்று யாராவது கேட்டிருந்தால் இந்த ஒன்பதில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தியிருக்கலாம் என்று நம்புகிறேன். அதற்குப் புதிய அறிவியல் எதுவும் தேவைப்பட்டிருக்காது. ஒரு கால்நடை மருந்துக் கடைக்காரரிடம் அரை மணி நேரம் பேசியிருந்தால் போதும்.

உடன்பிறப்புகள்

இன்னொரு தவறு ஆழமானது. ஒரு மருந்தைத் தடுத்தால் அதன் இடத்தில் என்ன வரும் என்று பார்க்கவில்லை. கெடோபுரோஃபென் என்ற இன்னொரு வலி நிவாரணியும் பாறுகளைக் கொல்லும் என்று 2010இல் ஆய்வு வந்தது. அசெக்லோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்லோஃபெனாக்காகவே மாறுகிறது என்று 2016இல் வந்தது. அதாவது வேறு பெயரில் அதே நஞ்சு. இரண்டுக்கும் கால்நடைப் பயன்பாட்டில் நாடு தழுவிய தடை 2023 ஜூலை இறுதியில்தான் வந்தது. கெடோபுரோஃபென்னைப் பொறுத்தவரை 13 ஆண்டு தாமதம். வங்கதேசம் 2021லேயே அதைத் தடை செய்துவிட்டது. நிமிசுலைடு 2024 டிசம்பர் இறுதியில் தடையானது.

ஒவ்வொரு முறையும் பாறு செத்து, யாரோ உடலைக் கண்டெடுத்து, ஆய்வகம் உறுதிப்படுத்தி, இதழில் வெளியாகி, வாரியம் பரிந்துரைத்து, ஆணை வர வேண்டும். நிரூபிக்கும் சுமை பறவையின் மேல் இருக்கிறது. அது தலைகீழாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கால்நடைக்கு ஒரு புதிய வலி நிவாரணியை விற்க உரிமம் கேட்பவர், அது பாறுகளுக்குக் கேடில்லை என்று காட்டிவிட்டு வரட்டும். மெலாக்சிகத்துக்குச் செய்த படிப்படியான சோதனை அதற்குத் தயாரான முறையாக 2006 முதலே நம்மிடம் இருக்கிறது. டோல்ஃபெனாமிக் அமிலம் அந்தச் சோதனையில் தேறிய இன்னொரு மருந்து.

இது நம் நாட்டின் குறை மட்டுமல்ல. தெற்காசியாவில் நடந்தது எல்லாம் தெரிந்த பிறகும் 2013இல் ஸ்பெயின் கால்நடைக்கு டைக்லோஃபெனாக்கை அனுமதித்தது. 2020இல் அங்கே ஒரு கரும்பாறுக் குஞ்சு அதே மருந்தால் இறந்து கிடந்தது.

விலைச்சீட்டில் இல்லாத செலவு

பணக்கணக்குக்கு வருவோம். ஊசிக்கு ஊசி சில ரூபாய் மிச்சம், அது மாட்டுக்காரருக்குக் கிடைத்தது. செலவு யார் தலையில் விழுந்தது? ஊருக்கு வெளியே செத்த மாடுகள் அழுகின, நாய்கள் பெருகின, தண்ணீர் கெட்டது. பாறுகள் சுத்தமாக்கித் தரும் எலும்பைப் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்களுக்குத் தொழில் போனது. மும்பைப் பார்சிகள் இறந்தவர்களின் உடலைப் பாறுகளுக்கு விட்டுவைக்கும் அமைதிக் கோபுரங்களில் பல நூற்றாண்டு வழக்கம் தடுமாறி, சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளைப் பொருத்தும் நிலை வந்தது.

2008இல் வந்த ஒரு மதிப்பீடு, 1992 முதல் 2006 வரை கூடுதலான நாய்க்கடிகளால் வெறிநாய்க்கடி நோய்க்கு 47,000க்கும் மேற்பட்டோர் பலியானதாகக் கணக்கிட்டது. 2024இல் பொருளியலாளர்கள் எயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் பாறுகள் முன்பு அதிகம் இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் கூடுதல் மரணங்கள், ஆண்டுக்கு 69.4 பில்லியன் டாலர் இழப்பு என்பது அவர்கள் கண்டது. டாலர் தொகை ஓர் உயிருக்குக் கொடுக்கும் மதிப்பைப் பொறுத்து மாறும், அதில் வாதிடலாம். ஐந்து லட்சம் மனிதர்கள் என்பதைத்தான் என்னால் கடந்து போக முடியவில்லை.

மருந்துக்கு அனுமதி கொடுத்த நாளில் இந்தக் கணக்கை யாரும் போட்டிருக்க முடியாது. ஆனால் 2004க்குப் பிறகு, எண் துல்லியமாகத் தெரியாவிட்டாலும் அதன் திசை தெரிந்திருந்தது. ஒரு பக்கம் திரும்பப் பெற முடியாத இழப்பு, மறுபக்கம் கொஞ்சம் விலை கூடுதலான மாற்று மருந்து. விலை வித்தியாசத்தை அரசு சில ஆண்டுகள் ஏற்றுக்கொண்டிருந்தால்கூட அது சிறு செலவாகவே இருந்திருக்கும்.

மோயாற்றுக் கரையில்

தென்னிந்தியாவில் மிச்சமுள்ள பெரிய கூட்டம் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஓடைக்கரை நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. செந்தலைப் பாறும் கருங்கழுத்துப் பாறும் உண்டு. புலி அடித்த கடமானும் காட்டெருமையும் கிடைப்பதால் மருந்து ஏறாத இறைச்சி அவற்றுக்கு ஓரளவு உறுதி. ஆனால் சீகூர்ப் பகுதியில் பட்டி மாடுகளும் உண்டு. மாட்டைப் புலி அடித்தால், இழப்பீடு தாமதமாகும் ஆத்திரத்தில் சிலர் உடலில் விஷம் வைப்பதும் நடக்கிறது. புலிக்கு வைத்ததில் பாறும் சாகும். ஆகவே இங்கே இழப்பீட்டுப் பணத்தை எத்தனை நாளில் கொடுக்கிறோம் என்பதும் பாறு பாதுகாப்புதான்.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் 2023 பிப்ரவரியில் 246 பாறுகளும், அதே ஆண்டு டிசம்பரில் 320 பாறுகளும் பதிவாகின. இரண்டு கணக்கெடுப்பும் வெவ்வேறு பருவத்தில் நடந்தவை, அதனால் 74 கூடிவிட்டது என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். ஆனாலும் மனதுக்கு இதமான எண்தான்.

இழப்பீட்டுக் கோப்பு வட்டார அலுவலகத்தில் நகர்வதும், மருந்து ஆய்வாளர் கடையில் நுழைவதும், பட்டியில் ஊசி போடும் கை எந்தப் பக்கம் நீள்கிறது என்பதும் இந்த முந்நூற்றுச் சொச்சப் பறவைகளுக்கு உயிர் விஷயம். மாடு வைத்திருப்பவர்கள், ஊசி போடும் முன் குப்பியை வாங்கிப் பெயரைப் படியுங்கள். மெலாக்சிகம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபுளூனிக்சின் என்ற வலி நிவாரணியாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், ஸ்பெயினில் ஒரு பாறு அதனால் இறந்தது பதிவாகியிருக்கிறது. அதற்கான ஆணை வரும்வரை மோயாற்றுப் பாறுகள் காத்திருக்க வேண்டியதில்லை.